தேனீப் பாடமும் டேப்பெட்டுச் சத்தமும்

இந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தான் உடம்பில் கட்டியிருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் வால்பாறைக் குஞ்ஞப்பன் மேஸ்திரி. எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், என் கணவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்த ஐந்து நிமிட இடைவெளியில் சொன்னார். சிவப்பு ஒயரை எதற்காக வண்டியின் இரும்போடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள் என்று சற்று முன்புதான் நான் கேட்டிருந்தேன். உனக்கெதுக்கு அதெல்லாம் என்று இவர் அந்தக் கேள்வியை அங்கேயே முடித்திருந்தார். குஞ்ஞப்பனுக்கு அப்படி முடிக்கத் தெரியவில்லை. "டீச்சரே, இந்த வண்டி தலகீழாக்கும். மத்த வண்டிக்கெல்லாம் பாட்டரியோட மைனஸ் பாடியில. இதுக்கு பிளஸ் பாடியில. நாளைக்கு யாராச்சும் புதுசா ஒண்ணு மாட்ட வந்தா இது ஓர்மை வேணும். இல்லன்னா ஒயர் மொத்தம் புகைஞ்சு போகும்" என்றார். ஓர்மை இருக்கிறது, மேஸ்திரி. நீங்கள் போய் முப்பது ஆண்டு ஆகியிருக்கும், சொன்னது இருக்கிறது. ஒருமுறை கேட்டதை மறக்கும் வழக்கம் எனக்கு இல்லை; முப்பத்தாறு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே பெயர் அழைத்தவள் நான். இப்போது மணி பத்தே முக்கால். வேப்பமரத்தடியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, வண்டியிலிருந்து நான்கு எட்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் இவர் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது, உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். பஞ்சாலையில் நானூறு பேரை ஒரு சீட்டியில் நிறுத்திய பொறியாளர் தெய்வசிகாமணிக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாக வலக்கை இல்லை, வலக்கால் இல்லை, பேச்சு இல்லை. காலையில் உதவியாள் வேலுச்சாமி வந்து குளிப்பாட்டிச் சட்டை மாட்டி, மேற்கூரை இல்லாத இந்த இரண்டு இருக்கை எம்.ஜி. காருக்குள் இறக்கிவிட்டுப் போவான். நான் சாவியைத் திருப்பி, குமிழை இழுத்து, இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பதினொரு மணிக்கு வேலுச்சாமி மறுபடி வந்து எடுப்பான். இன்று மட்டும் இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பாட்டுப்பெட்டி மாட்டுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். அது உண்மை. உண்மையை அளவாகச் சொல்வதில் பொய் கிடையாது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள், பிடித்த இடத்தில் உட்காரவைத்துப் பழகிய குரலைக் கேட்கச் செய்யுங்கள், நாக்கு அவிழலாம் என்று. அப்பாவுக்குப் பழைய பாட்டாகப் போட்டுவிடும்மா என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். இரண்டு பேருக்கும் சரி என்றேன். என் கைப்பைக்குள் இருக்கும் பென் டிரைவில் பாட்டு ஒன்றுகூட இல்லை.

உக்கடத்திலிருந்து வந்திருக்கிற அப்பாஸுக்கு நாற்பது வயதிருக்கும்; நெற்றியில் தொழுத தழும்பு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். வந்ததும் வண்டியை ஒருமுறை சுற்றினான், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை சுற்றினான். இதில் கைவைக்க மனசு வரவில்லை, கதவை வெட்டாமல் பின்னால் பெட்டி வைத்துக்கொள்ளலாமே என்றான். கதவில்தான் வேண்டும் என்றேன். காதுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, அவருக்குக் கேட்கும் சக்தி குறைவு என்றேன். அதுவும் பொய், இந்த மனிதருக்கு எண்பத்தொரு வயதிலும் தெருமுனையில் திரும்பும் லாரியின் பேரிங் கேட்கும். அப்பாஸ் வலக்கதவைத் திறந்து, உட்புற அட்டையில் ஆறரை அங்குலத்துக்கு வட்டம் போட்டு, கையிலிருந்த வெட்டும் இயந்திரத்தை வைத்தபோது நான் வட்டத்தைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வந்தது. ஆனால் வலது கண்ணில் வந்தது. வலது கண் நோய் வந்த நாளிலிருந்து தானாகவே ஒழுகுகிறது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இடது கண்ணைப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. சரி, பார்ப்போம். அட்டையின் துண்டு வட்டமாகக் கழன்று இவர் மடியில் விழுந்தது. அப்பாஸ் மன்னிப்புக் கேட்டு எடுத்தான். அந்த அட்டையைத் தைக்க, சென்னையில் சேணம் தைப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பதினோரு நாள் வீட்டில் சோறு போட்டுத் தங்கவைத்தார் இவர். எனக்குப் பிரசவம் ஆகி ஒன்பதாம் நாள். பதினோரு நாளும் அந்தத் தையற்காரருக்கு நான்தான் சமைத்தேன். பிறகு அப்பாஸ் ஒரு சின்ன பல்பில் ஒயர் கோத்த சோதனை விளக்கை எடுத்து, ஒரு நுனியை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, மறு நுனியை டாஷ்போர்டுக்கு அடியில் ஒவ்வொரு ஒயராகத் தொட்டான். ஓரிடத்தில் விளக்கு எரிந்தது. லைன் கிடைச்சிருச்சுங்க என்றான். விளக்குக்கு எது கூட்டல், எது கழித்தல் என்று என்ன தெரியும்? எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும். பாட்டரியை ஒருமுறை பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பாட்டரி இருக்கைகளுக்குப் பின்னால், மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடியைத் திறக்க இருக்கையைச் சாய்க்க வேண்டும். இருக்கையில் எழுந்திருக்க முடியாத ஒருவர் இருக்கிறார். பெரியவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விட்டுவிட்டான். மரியாதையினால் நேரும் தவறு. விளக்கு எரிந்த அந்த நொடியில்தான் இவர் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. ஆ, ஆ என்று, கன்று அடைத்த தொழுவத்திலிருந்து வருவதுபோல. இடக்கை எழுந்து, பின்பக்கமாக, இருக்கைக்குப் பின்னால் காட்டிற்று, தட்டிற்று, மறுபடியும் காட்டிற்று. அப்பாஸ் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஐயா என்னமோ கேக்கறாருங்கம்மா" என்றான். எனக்குப் புரிந்தது. மேஸ்திரி, உங்களுக்கும் புரிந்திருக்கும். "தண்ணீர் கேட்கிறார்" என்றேன். எழுந்து போய் டம்ளரில் கொண்டுவந்து இவர் வாயருகே பிடித்தேன். வாயைத் திருப்பிக்கொண்டார்; பாதி சட்டையில் வழிந்தது. துடைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினேன்.

ஈரத் துணியை நாற்காலியின் கையில் உலரப் போட்டேன். எழுபத்து நான்காம் ஆண்டு, தை மாதம், கிணத்துக்கடவு தாண்டி, சாலையின் இரு பக்கமும் புளியமரங்கள் வரிசை கட்டி நிற்க, இவர் இந்த வண்டியை நிறுத்திய இடத்தில் மட்டும் ஒரு மரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. வானொலியில் பள்ளி மாணவர்களுக்கான ஒலிபரப்புக்குக் குரல் தேர்வு நடந்து, ஐம்பத்து மூன்று ஆசிரியைகளில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேனீயைப் பற்றி ஒரு பாடம், நானே எழுதியது, ஏழாம் வகுப்புக்கு. பதினொரு மணிக்குப் பதிவு. அது நன்றாக அமைந்தால் ஆண்டு முழுவதும் நாற்பது பாடங்கள். பேருந்தில் போகிறேன் என்றுதான் சொன்னேன். என் வண்டியிருக்க என் பொண்டாட்டி பஸ்ஸில் போவதா என்று இவர்தான் ஏற்றினார். ஊரார் பார்க்க ஏற்றினார். மடியில் தாள்களை வைத்துக்கொண்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், கிணத்துக்கடவுக்குப் பிறகு சற்று வாய்விட்டுப் படித்தேன். கூட்டை விட்டுப் புறப்படும் தேனீ முதலில் தன் வீட்டைப் பார்த்து வட்டமிடுகிறது, பிறகுதான் தொலைவுக்குப் போகிறது. அந்த வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது விதம் நன்றாக வந்தது. எனக்கே தெரிந்தது, தொண்டையில் ஒரு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. வண்டி நின்றது. இவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பானெட்டை நோக்கிக் காதைக் கொடுத்துக்கொண்டு சொன்னார்: "சித்த வாய மூடறயா. இஞ்சினுக்குள்ள என்னமோ டிக்குடிக்குங்குது. தனியா ஓட்டிக் கேக்கோணும். எறங்கிக்கோ." விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் வலிக்கிறது; இறக்கிவிட்டதுகூட அவ்வளவு இல்லை. இறங்கினேன். ஒரு பர்லாங்கு போய்விட்டு வந்துவிடுவார் என்று இறங்கினேன். தாள்கள் இருக்கையில், பணப்பை இருக்கையில், நான் சாலையில். பேருந்துகள் போயின. கை காட்டினால் நிறுத்தியிருப்பார்கள். கையில் காசில்லாமல், நடத்துநரிடம் நிலைமையைச் சொல்லி, ஊர்ப் பெயர் சொல்லி, பள்ளிக்கூடப் பெயர் சொல்லி, வாத்தியாரம்மா புருஷன் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டானாம் என்று நாற்பது பேர் திரும்பிப் பார்க்க ஏற வேண்டும். ஏறவில்லை. அந்த வெயிலில் வெண்பட்டுச் சேலையோடு நின்றேன். நெல் மூட்டை வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தி, யாரு வூட்டு அம்மணி, வண்டில ஏறிக்கறீங்களா என்றார். வருகிறார்கள் என்றேன். திரும்பிவந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. இவர் முகம் மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "நாஞ் சொன்னனல்ல, வால்வத் தட்டற டேப்பெட்டுத்தான். மலுமிச்சம்பட்டில ஒருத்தன்கிட்டச் செட்டிங் வெச்சுட்டு வந்துட்டேன். இப்பக் கேளு, இஞ்சின் எப்படிப் பாடுதுன்னு" என்றார். கேட்டேன். வேறு என்ன செய்திருப்பேன்? பொள்ளாச்சி வரைக்கும் கேட்டேன். தேனீப் பாடத்தை வேறொரு ஆசிரியை படித்தார். அவருடைய ழகரம் சரியில்லை. நாற்பது பாடங்களும் அவரே படித்தார். நாற்பதையும் ஆசிரியைகளின் ஓய்வறையில் எல்லாரோடும் உட்கார்ந்து கேட்டேன். அன்றிலிருந்து இந்த வண்டிக்குள் நான் வாய் திறந்ததில்லை. இவர் அதைக் கவனித்ததும் இல்லை. நல்ல சுபாவம், தொணதொணக்க மாட்டாள் என்று விருந்தாளிகளிடம் சொல்வார்.

அப்பாஸ் பாட்டுச் செட்டை டாஷ்போர்டுக்கு அடியில் வைத்துப் பார்க்கிறான். நடுவில் வைத்தால் ஐயாவுக்குக் கை எட்டும் என்கிறான். வேண்டாம், இடக்கோடியில் வையுங்கள் தம்பி என்கிறேன். நேற்றே அளந்து வைத்திருக்கிறேன். இவருடைய இடக்கை முழுவதும் நீண்டாலும் நான்கு விரற்கடை குறைகிறது. செட்டிலிருந்து சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் தொங்குகின்றன. கறுப்பை உடம்புக்கு, சிவப்பை அந்த லைனுக்கு. உலகத்து வண்டிகளுக்கெல்லாம் சரி. தொட்டவுடன் செட் போகும். அதோடு நிற்குமா, துணி சுற்றிய அந்தப் பழைய ஒயர்கள் டாஷ்போர்டு முழுவதும் புகைந்துகொண்டே போகுமா, அது எனக்குத் தெரியாது. குஞ்ஞப்பன் சொன்னது மொத்தமும் என்று. தெரிந்துகொண்டே ஏன் சொல்லாமலிருக்கிறேன்? காரணம் எளியது. இவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நாக்கு அவிழாது என்று யாரும் சொல்லவில்லை. முயன்றால் ஒரு சொல், இரண்டு சொல் வரும் என்று அந்தப் பெண் சொல்கிறாள், இவர்தான் முயல மறுக்கிறாராம், தெளிவில்லாத பேச்சை யாரும் கேட்டுவிடக் கூடாதாம். என் பெயரைச் சொல்ல வேண்டாம். நிறுத்து என்று சொல்லட்டும். நி என்று சொல்லட்டும், மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன். இந்த வண்டிக்குள் இருந்துகொண்டு, என்னைப் பார்த்து, வாயைத் திறந்து கேட்கட்டும், எழுந்து தடுப்பேன். ஒருத்தி வாயைத் திறக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பழக்கம். மயிலாத்தாள் என்று ஒரு பெண், எட்டாம் வகுப்பு, மெலிந்த கழுத்து. பாட வேளையில் யாரோ பேசினார்கள். நான் அவளை எழுப்பி வெளியே நிறுத்தினேன், கொடிக்கம்பத்தருகே, நிழல் இல்லாத இடத்தில். பேசியவள் யார் என்று சொன்னால் உள்ளே வரலாம் என்றேன். சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, பேசியது இரண்டாம் வரிசையில் இருந்தவள், இவள் இல்லை. தெரிந்த பிறகும் மணி அடிக்கும்வரை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் தவறியதாக ஆகும். அவள் விழுந்தாளா? விழவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, மையை உதறி, எழுதத் தொடங்கினாள். அவளை எதற்கு இப்போது நினைக்கிறேன். தேவையில்லை. இவரைப் பார்க்கிறேன். இவரும் என்னைப் பார்க்கிறார். இவ்வளவு நேரம் பின்னால் காட்டிக்கொண்டிருந்த இடக்கை ஸ்டீயரிங் மேல் இறங்கிவிட்டது. பார்வை என் முகத்திலிருந்து அப்பாஸின் ஒயருக்குப் போய், மறுபடி என் முகத்துக்கு வந்து, அங்கே நின்றது. தெரிந்துகொண்டுவிட்டார். இவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். இனிக் கேட்பார். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன். இவர் தலையை இருக்கையில் சாய்த்தார். இடது பக்க உதடு மட்டும் மேலே ஏறியது. கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சின் ஓடும்போது மூடுவதுபோல் மூடிக்கொண்டார்.

அந்த அரைச் சிரிப்பை விளங்கிக்கொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்த முகத்தைப் படித்தவள். எரியட்டும் என்கிறார். ஒயர் புகைந்தால் புகையட்டும், டாஷ்போர்டு கருகினால் கருகட்டும், உயிருக்கு உயிரான வண்டி நாசமாகட்டும். அதோடு சேர்ந்து நீ மாட்டவந்த பெட்டியும் போகும் அல்லவா, உன்னிடம் கேட்பதைவிட அது எனக்கு மேல் என்கிறார். பாட்டுக்காக நான் இதைச் செய்யவில்லை என்று எப்போதோ ஊகித்திருக்கிறார். பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் பத்து நாள் பாடங்களைப் படித்துப் பதிந்ததைக் கட்டிலில் கிடந்தபடியே கேட்டிருப்பார். பேரிங் கேட்கும் காதுக்கு அது கேட்காதா? ஆக, காத்திருந்தது நான் மட்டும் இல்லை. அப்பாஸ் சிவப்பு ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தான். செம்பு மினுங்கியது. கறுப்பை ஏற்கெனவே இரும்பில் முடுக்கிவிட்டிருந்தான். நான் நினைத்தேன், சும்மா இரு. நீ சும்மா இருந்தால் இவருடைய வண்டி போகும், உன்னுடையது ஒரு பெட்டிதானே, இன்னொன்று வாங்கலாம். ஆனால் எரிந்த வண்டிக்குள் எந்தப் பெட்டியை மாட்டுவது? இந்த இருக்கையில், இந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இல்லாவிட்டால் அந்தப் பாடங்களுக்கு என்ன பொருள்? கட்டிலருகே வைத்தால் அது வெறும் வானொலி. செம்பு ஒயரை நோக்கிப் போனது. அரை அங்குலம் இருக்கும். "அப்பாஸ், தொடாதீர்கள்" என்றேன். வகுப்பறைக் குரல், அவன் கை அப்படியே நின்றது. "இந்த வண்டியில் பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கிறது." அவன் நம்பவில்லை. இவரை மெல்லத் தோளோடு அணைத்து முன்னால் சாய்த்துக்கொண்டு, மூடியைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "யா அல்லாஹ். ஒரு செகண்டுல போயிருக்குமேம்மா. முன்னாடியே தெரியுமாங்க உங்களுக்கு?" என்றான். இப்போதுதான் நினைவு வந்தது என்றேன். இவர் கண்ணைத் திறந்தார். சிரிப்பு இறங்கியிருந்தது. இடது கண்ணைப் பார்த்தேன். அதில் இப்போதும் நீர் இல்லை, ஆனால் அது என்னை விட்டு நகரவில்லை. முதலில் வாய் திறந்தவள் நான். அது இவருக்கும் தெரியும்.

அப்பாஸ் கெட்டிக்காரன். வண்டியின் பாட்டரியைத் தொடாமல், தன் ஆம்னியிலிருந்த சின்னப் பாட்டரியைக் கொண்டுவந்து பின்னால் வைத்து, செட்டை ஒரு மரப்பலகையில் திருகி, வண்டியின் இரும்போடு எதுவும் படாமல் எல்லாவற்றையும் தனியாக ஓடவிட்டான். பதினொன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. பென் டிரைவைக் கொடுத்தேன். என்ன பாட்டுங்கம்மா என்றான். போடுங்கள் என்றேன். கதவிலிருந்து, இவருடைய வலக்காதுக்கு ஒரு முழம் கீழேயிருந்து, என் குரல் வந்தது: கூட்டை விட்டுப் புறப்படும் தேனீ முதலில் தன் வீட்டைப் பார்த்து வட்டமிடுகிறது. நான் பிரம்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இது யார்? ஒரு கிழவி படித்துக்கொண்டிருந்தாள். பல்செட்டின் இடுக்கில் சகரம் சீறியது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினாள். நீளமான சொற்களின் கடைசி எழுத்துகள் கிணற்றில் விழுவதுபோல் விழுந்தன. மூன்று விதமாகப் படித்து மூன்றாவது விதம் நன்றாக வந்த அந்தக் குரலை இத்தனை ஆண்டுகளும் யாரிடமோ கொடுத்துவைத்திருப்பதாகவும், எப்போது போய்க் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள் என்றும் நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அறைக்குள் படித்தபோது என் காதில் அதுதான் கேட்டது. இப்போது கேட்பது ஊரார் காதில் கேட்பது. நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவர் இடக்கையை நீட்டினார். செட்டை நோக்கி நீட்டினார். நான்கு விரற்கடை குறைந்தது. அதைப் பார்த்த பிறகு நான் நிறுத்த நினைக்கவில்லை. கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. ஆள்காட்டி விரல் வட்டத்தின் விளிம்பில் தட்டத் தொடங்கியது. டிக், டிக், டிக், டிக். சீராக, என் சொற்களுக்கு மேல். எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியாதா? எறும்புப் பாடம் வந்தது, மழைப் பாடம் வந்தது. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. ஆனைமலைப் பாடத்தின் நடுவில் தளர்ந்து நின்றது. சின்னப் பாட்டரி தாங்குகிறதா என்று பார்க்க இருந்த அப்பாஸ் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். வேப்பமரத்தின் நிழல் கிழக்கே என் பக்கமாக ஒடுங்கி, வண்டியை விட்டு நகர்ந்துவிட்டிருந்தது. திறந்த வண்டி, வெயில் முதலில் இவர் முழங்காலில் விழுந்து, மடியில் ஏறி, மார்பில் ஏறி, முகத்துக்கு வந்தது. இவரால் முகத்தைத் திருப்ப முடிந்தது, நகர முடியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இடது கண்ணுக்குள் இறங்கியது. அது வியர்வையாகவும் இருக்கலாம். கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அப்பாஸ் பெட்டியை மூடிவிட்டு என் முன்னால் வந்து நின்றான். "அம்மா, ஐயா மேல வெயில் ஏறிருச்சுங்க. நாங் கால புடிச்சுக்கறேன், நீங்க தோளத் தாங்குங்க, எறக்கிரலாம்" என்றான். இன்னும் இருபத்தாறு நிமிடம் இருக்கிறது தம்பி என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மோர் கொண்டுவரச் சொல்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஆம்னியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து, நனைத்து, இவர் தலையில் போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். துண்டை நான் எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் தலைப்பு இருந்தது, முக்காடு போட்டுக்கொண்டேன். ஆகவே அது சரிதான். பாடங்கள் பன்னிரண்டு. அந்தச் சாலையில் இறங்கிய நேரத்தையும் திரும்ப ஏறிய நேரத்தையும் வைத்துக் கழித்துப் பார்த்து, அதற்குச் சரியாக வரும்படி படித்து, மிஞ்சியதை நீக்கி, குறைந்த இடத்தில் மெதுவாகப் படித்துப் பதிந்தவை. கடைசிப் பாடத்தின் கடைசி வாக்கியத்தைக் கிழவி தடுமாறாமல் படித்தாள். பிறகு கதவில் ஒரு சின்ன இரைச்சல், அதுவும் அடங்கியது. ஈரத்துண்டுக்கு அடியில் இவர் வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, கேட்க நான் எழுந்து போகவில்லை. மணியைப் பார்த்தேன். மதியம் ஒன்று முப்பத்திரண்டு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம்.